ஓடுறதுக்கு ஒரு மணித்தியாலம்

"தோட்டத்துப் பொம்பளைக்கு எதுக்கு எக்சசைஸ்?"

இந்தக் கேள்வி இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை எங்கள் காதில் விழுந்தது என்று கணக்கில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் நக்கலுக்குக் கேட்கவில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மலை ஏறுகிறோம், இறங்குகிறோம், பீலியில் தண்ணி பிடித்துத் தூக்குகிறோம், விறகு சுமக்கிறோம், டவுனுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறோம். இதுக்கு மேல உடம்புக்கு என்ன வேலை வேணும்? எங்களுக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் நாலு பேர். பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயும் அதற்குப் பக்கத்திலும் வாழ்கிறவர்கள். ஒருத்தி பாடசாலை ஆசிரியை. ஒருத்தி பதுளை டவுனில் புடவைக்கடையில் நிற்கிறாள். ஒருத்தி ஒன்பது வருஷம் கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸில் இருந்துவிட்டு வந்து இப்போது வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறாள். ஒருத்தி இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிறாள். நாலு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. நாலு பேருக்கும் ஸ்கூல் போகிற பிள்ளைகள். எழுதுவது டீச்சர், சொல்வது நாலு பேரும். அதனால் 'நாங்கள்' என்றே போட்டிருக்கிறோம். யாருடைய எடை எத்தனை கிலோ என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

எங்கள் அம்மாமார் மெலிந்த பொம்பளைகள். விடியுமுன்னே எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனவர்கள். நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து நிறுத்துக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு சதை பிடிக்க நேரமும் இல்லை, அந்த அளவுக்குச் சாப்பாடும் இல்லை. நாங்கள் அந்த மலையை விட்டு இறங்கினோம். ஆனால் சாப்பாடு எங்களோடு சேர்ந்து இறங்கி வந்தது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறு, இரவில் திரும்பவும் ரொட்டி அல்லது சோறு. சரிவில் எட்டு மணித்தியாலம் நிற்கிறவளுக்கு அளந்த அளவு அது. கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவளும் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவளும் அதே அளவைத்தான் சாப்பிட்டோம். பிள்ளை மிச்சம் வைத்ததை வீச மனசு வராமல் அதையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

வயசும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. நாற்பதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மாதவிடாய் நிற்கப் போகிற வருஷங்களில் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்வதை விட்டு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. "புள்ள பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைசிப் பிள்ளை ஓ.எல். படிக்கிற வயசிலும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

எங்களை எழுப்பியது கண்ணாடியோ பழைய பிளவுஸோ இல்லை, ஒரு கால். எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு 58 வயதில் பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செருப்பில்லாமல் மலை ஏறிய கால் அது. சீனி கூடிக் கூடி நரம்பு செத்துப்போயிருந்தது. கல் குத்தினாலும் தெரியாது, அட்டை கடித்தாலும் தெரியாது. புண் ஒன்று வந்து, அது பெரிசாகி, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மா கடைசி வரை குண்டாக இருக்கவே இல்லை. வயிறு மட்டும்தான் கொஞ்சம் முன்னுக்கு இருந்தது.

அதுக்குப் பிறகுதான் நாங்கள் கிளினிக்குக்குப் போனோம். 35 வயதைத் தாண்டிய பொம்பளைகளுக்கு எம்.ஓ.எச். பக்கமாக சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அரசாங்க ஆசுபத்திரிகளில் 2011ல் இருந்து ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் என்றும் நடக்கின்றன. நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எங்களில் ஒருத்தி 152 சென்ரிமீற்றர் உயரம், 68 கிலோ. நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. அவளுக்கு 29.4 வந்தது. எங்களைப் போன்ற ஆசிய உடம்புகளுக்கு 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். பொம்பளைகளுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். டெய்லர் டேப் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் அதற்கு கிளினிக்கும் தேவைப்படவில்லை. இன்னொருத்திக்கு வெறும் வயிற்றில் சீனி 118. 100ல் இருந்து 125 வரை வந்தால், வியாதி இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். 126ல் உள்ளே வந்துவிடும்.

முதலில் செய்தது ஓட்டம் இல்லை, தேத்தண்ணிக் கணக்கு. நாளுக்கு ஐந்து கப், ஒரு கப்புக்கு மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் 15 கரண்டி, கிட்டத்தட்ட 60 கிராம், 240 கலோரி. 68 கிலோ உடம்பு ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 68 கலோரி செலவாகும். அப்படியென்றால் தேத்தண்ணியில் போட்ட சீனியைக் கரைக்க மட்டும் மூன்றரை கிலோமீற்றர் ஓட வேண்டும்! உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நின்றால் நல்லது என்கிறது. தேயிலை வளர்க்கிற சனத்துக்கு தேத்தண்ணியை விடு என்று யாரும் சொல்ல முடியாது. சீனியைத்தான் குறைத்தோம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி. மூன்று மாசத்தில் சீனி இல்லாத சாயம் பழகிவிட்டது. கச்சான் காற்று அடிக்கிற ஜூலை, ஆகஸ்டில் வருகிற ஊவா தேயிலைக்கு உலகமெல்லாம் தனி விலை என்கிறார்களே, அதன் ருசி என்னவென்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரொட்டியை நிற்பாட்டவில்லை. மூன்று ஒன்றரை ஆனது. மிச்ச இடத்தில் பருப்பு, அவித்த கடலை, முட்டை, கீரை. இது சொல்ல லேசு. முட்டை விலை ஏறினால் பருப்போடு நிற்போம்.

அடுத்தது ஓட்டம். ஓடுவதற்கு முதல் வேண்டியது சப்பாத்து என்று நினைப்பீர்கள். இல்லை, நேரம். நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு இரண்டையும் கட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஆறே முக்காலுக்கு பஸ் பிடிக்கிற பொம்பளைக்கு எந்த இடைவெளியில் ஓட்டம் வரும்? நேரம் சும்மா கிடைக்காது, யாரிடமாவது இருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அப்படி ஒன்று குறைந்தால் முதலில் கை வைப்பது மகளின் தூக்கத்தில்தான். "நீ எழும்பி ரொட்டியப் போடு, அம்மா வந்துர்றேன்" என்று சொன்னால் போதும், அவள் எழும்பிவிடுவாள். அதனால் ஓடத் தொடங்குமுன்னே நாலு பேரும் ஒன்றைப் பேசி முடிவெடுத்தோம். இந்த மணித்தியாலம் மகளிடம் இருந்து வரக்கூடாது. வீட்டில் பெரிய ஆம்பளை இருந்தால் அவர், இல்லையென்றால் மகனும் மகளும் ஆளுக்கொரு நாள்.

ஒரு வீட்டில் அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாலாம் நாள் மாவைப் பிசைந்தார். ரொட்டி இலங்கைப் படம் மாதிரி வந்தது. சாப்பிட்டோம். இப்போது வட்டமாகவே வருகிறது. இன்னொரு வீட்டில் மாமியார், "ஆம்பள மா பெசையறான், பொம்பள ரோட்டுல ஓடுறா, காலம் கெட்டுப் போச்சி" என்றார். அவருக்கும் சீனி. கிளினிக் கொப்பியைக் காட்டிப் பேசிய பிறகு, "சரி, கோயில் வரைக்கும் நானும் வாரேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கம் மட்டமான ரோடு கிடையாது. நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டு ஏறுவோம், திரும்பினால் இறங்குவோம். ஏற்றத்தில் ஓடினால் மூச்சு முட்டும், இறக்கத்தில் ஓடினால் முழங்காலில் விழும். தேடிப் பார்த்ததில் கோயிலடியில் இருந்து கொழுந்து மடுவம் வரை ஏறக்குறைய 400 மீற்றர் மட்டமாக இருந்தது. அதுதான் எங்கள் மைதானம். முதல் கிழமை ஒரு நிமிஷம் மெதுவாக ஓட்டம், மூன்று நிமிஷம் நடை, இப்படி ஆறு தடவை. கிழமைக்கு மூன்று நாள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவளோடு கதைக்க முடிய வேண்டும். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூட. நாங்கள் கதைக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்பதால் இந்த விதி நன்றாகப் பொருந்தியது. ஓட்டம் இரண்டு நிமிஷமானது, பிறகு நாலானது. ஏழாவது மாசம் நிற்காமல் 20 நிமிஷம் ஓடினோம். நெஞ்சுவலி, தலைசுற்று, கூடுதலான பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. எங்களில் ஒருத்தி அப்படி ஒரு மாசம் நடை மட்டும்தான் நடந்தாள்.

இரண்டாம் நாளே ஒரு வேடிக்கை. எதிரே வந்த தாத்தா ஒருவர், "ஐயோ, பஸ்ஸு போயிருச்சா புள்ள?" என்று கேட்டு, கீழே வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டி விசிலும் அடித்துவிட்டார். பஸ்ஸும் நின்றது! பொம்பளை ஓடுவதற்கு பஸ்ஸைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கொண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒரு மாசத்துக்கு எங்களைக் கண்டால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.

உடுப்பு, சப்பாத்து விஷயத்தில் மலிவாகச் சமாளித்தோம். பழைய சுரிதார் டொப், கீழே ட்ரக் பொட்டம். மகனின் பழைய ஸ்போர்ட்ஸ் சப்பாத்து ஒருத்திக்குச் சரியாக இருந்தது. மற்றவர்கள் டவுனில் பாவித்த சப்பாத்து விற்கிற இடத்தில் வாங்கினோம். செருப்போடு மட்டும் ஓடாதீர்கள், சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடும் வேண்டவே வேண்டாம். ஓடிவிட்டு வந்து காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் பார்ப்போம். அந்த அம்மாவின் காலை நாங்கள் மறக்கவில்லை.

வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றையும் எழுதிவிடுகிறோம். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்கள் ஓடும்போது மூத்திரம் கொஞ்சம் கசியும். இருமினாலும் தும்மினாலும் கசியும். எங்களில் இரண்டு பேருக்கு இருந்தது. இரண்டு பேரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, ஓட்டத்தையே விட்டுவிடப் பார்த்தார்கள். பிள்ளைப்பேற்றில் இடுப்பின் அடித்தசை தளர்வதால் வருவது இது. மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அந்தத் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. கெகல் என்ற டொக்டர் 1948ல் எழுதிய பயிற்சி, அவர் பெயரிலேயே இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சில மாசத்தில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. குறையாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், மிட்வைஃப் அக்காவுக்கு இது புதுக்கதை இல்லை.

இனி, கொழுந்து எடுக்கிற எங்கள் தோழியின் கதை. அவள் மூன்று கிழமை வந்தாள். நாலாம் கிழமை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, "எனக்கு ஓட்டம் வேணாம் அக்கா. எனக்கு ஒக்காரத்தான் வேணும்" என்றாள். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு உடம்பில் கொழுப்பு கூட இல்லை, இரத்தம்தான் குறைவு. நாள் முழுக்கச் சரிவில் நின்று, கூடையைத் தலையில் மாட்டி ஏறி இறங்குகிறவளிடம் இன்னொரு அரை மணித்தியாலம் ஓடு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? "தோட்டத்துப் பொம்பளைக்கு எதுக்கு எக்சசைஸ்" என்ற கேள்விக்கு அவள் விஷயத்தில் பதில், ஆமாம், வேண்டாம் என்பதுதான். அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்து, முட்டை, நேரத்துக்குச் சாப்பாடு, முதுகை நீட்ட ஒரு இடம். அவள் இப்போதும் எங்கள் ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு நடக்க வருவாள், மற்ற நாளில் அந்த நேரத்துக்குத் தூங்குவாள். அவளுக்கும் அதே சட்டம்தான்: அந்த ஒரு மணித்தியாலம் அவளை யாரும் எழுப்பக்கூடாது.

என்ன பலன் என்று கேட்பீர்கள். 68 கிலோ இருந்தவள் ஒன்றரை வருஷத்தில் 61க்கு வந்தாள். சினிமாவில் வருகிற மாதிரி ஆளே மாறிவிடவில்லை. முழங்கால் வலி குறைந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, இரவில் தூக்கம் வருகிறது. சீனி 118 இருந்தவளின் கதை வேறு. அவளுக்கு ஒரு வருஷத்தில் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. "இவ்வளவு ஓடியும் இவ்வளவுதானா" என்று தராசில் நின்று அழுதுவிட்டாள். ஆனால் கிளினிக்கில் பார்த்தபோது சீனி 101.

இது அவளுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சீனி வரும் வாசலில் இருந்த 531 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2006ல் வெளியிட்டார்கள். வழக்கமான புத்திமதி மட்டும் கேட்டவர்களில் மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்கு சீனி வியாதி வந்தது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நாளுக்கு அரை மணித்தியாலம் நடப்பது போல உடம்பை அசைத்தவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. அவர்களுக்கும் எடை பெரிசாகக் குறையவே இல்லை. தராசு அசையாவிட்டாலும் உடம்புக்குள்ளே வேலை நடக்கிறது. எங்கள் மாதிரி உடம்பு, எங்கள் மாதிரி சோறு சாப்பிடுகிறவர்களிடம் செய்த ஆய்வு அது. அதைப் படித்துக் காட்டிய நாளில் இருந்து அவள் தராசில் ஏறுவது மாசத்துக்கு ஒரு தடவைதான்.

கிழமைக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. வேகமான நடை அளவுக்கு உடம்பை அசைத்தால் போதும். ஒரேயடியாகச் செய்ய வேண்டும் என்றும் இல்லை, ஐந்து நிமிஷமும் கணக்கில் சேரும். வடகீழ் மழை பிடிக்கிற மாசங்களில் ரோட்டில் அட்டையும் சேறும். அப்போது கோயில் படியில் ஏறி இறங்குவோம், வீட்டுக்குள்ளே கதிரையில் உட்கார்ந்து எழும்புவோம். அதுவும் கணக்குத்தான்.

பொம்பளை ஓடக்கூடாது என்பது தோட்டத்துக் கதை மட்டும் இல்லை. 1928ல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். அது அவர்கள் உடம்புக்குத் தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960ல்தான் திரும்பி வந்தது. பெண்களுக்கு மரதன் ஒலிம்பிக்கில் வந்தது 1984ல். எங்களில் ஒருத்தி பிறந்த வருஷம் அது! தூரத்துக்குக்கூடப் போக வேண்டாம். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 70 வயதைத் தாண்டி, 2023ல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுனர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வாங்கினார். அவருடைய படத்தை போனில் காட்டியபோது மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரம் எடுத்துப் பார்த்தார். "என்னய விட மூத்தவ" என்றார். அவ்வளவுதான்.

அதே 2023ல்தான் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நினைவு நடை நடந்தது. கடல் தாண்டி வந்து காட்டு வழியே நடந்து மலை ஏறிய சனம் நாங்கள். நடையும் சுமையும் எங்களுக்குப் புதுசு இல்லை. சம்பளத்துக்கும் இல்லாமல், சுமையும் இல்லாமல், எங்கள் உடம்புக்காக மட்டும் கால் எடுத்து வைப்பதுதான் புதுசு.

தம்பி, தங்கச்சிமாரே, நீங்கள்தான் இந்தப் பக்கங்களைக் கூடுதலாகப் படிக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறோம். ஒன்று, காலையில் எழும்பி ஒரு ரொட்டி போடப் பழகுங்கள், முக்கியமாகத் தம்பிமார். அம்மாவுக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கிற சேலையை விட அந்த ஒரு மணித்தியாலம் பெறுமதி. இரண்டு, பதுளை டவுனில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்தில் இருந்து அங்கே போய் ஓடிவிட்டு வேலைக்குத் திரும்ப பஸ் சரிவராது. எங்களுக்கு இருப்பது தோட்டத்து மைதானம்தான். அது பின்னேரம் முழுக்க கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. முழு மைதானமும் வேண்டாம், ஓரமாக ஒரு சுற்று விட்டுத் தாருங்கள். பந்து எங்கள் பக்கம் வந்தால் நாங்களே எடுத்து வீசிவிடுகிறோம். கொழுந்து எடுத்த கை, தூரமாகவே போகும்.